பொட்டு வைத்தால் மறுமணம் ஆகிவிடுமா?

கேள்வி: என் கணவர் 2016-ல் நூற்பாலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அதிலிருந்து எனக்கும் என் மகனுக்கும் மகளுக்கும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சார்ந்தோர் உதவித்தொகை மாதந்தோறும் வந்தது. 2024 ஜனவரி முதல் மூவர் பணமும் நின்றுவிட்டது. நான் மறுமணம் செய்துகொண்டதாகப் புகார் வந்திருக்கிறது என்று கிளை அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். இரவுப் பணி முடிந்து தனியே வருவதால் கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டுக்கொள்கிறேன், பொட்டும் வைக்கிறேன். கணவர் வீட்டார் அதைப் படமெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மகனுக்கு 19 வயது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, பாதுகாப்புக்காக ஒரு பெண் கட்டிக்கொண்ட கயிற்றைச் சாட்சியாக்கி அவள் வீட்டு அடுப்பை அணைப்பது அநியாயம். சட்டப்படியும் அது செல்லாது. மறுமணம் நடந்தது என்று சொல்பவர்தான் யாருடன், எங்கே, எப்போது என்று நிரூபிக்க வேண்டும். பொட்டும் கயிறும் திருமணத்துக்குச் சான்று ஆகா.

பிள்ளைகளின் பணத்தையும் நிறுத்தியிருக்கிறார்களே, உங்கள் வழக்கின் பலமே அங்குதான் இருக்கிறது. உங்கள் பணம் நின்ற 2024-ல் நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழான மத்திய விதிகளில் 58-ஆம் விதியைப் பாருங்கள். இறந்தவரின் சராசரி நாள் ஊதியத்தில் 90 சதவீதம்தான் முழு விகிதம். அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஆயுள் முழுவதும் அல்லது மறுமணம் வரை. மகனுக்கு ஐந்தில் இரண்டு, 25 வயது வரை. 2010 திருத்தத்துக்கு முன் இது 18 ஆக இருந்தது. மகளுக்கும் ஐந்தில் இரண்டு, திருமணம் ஆகும்வரை. மூன்றையும் கூட்டினால் முழு விகிதத்தைத் தாண்டுவதால் விகிதாசாரப்படி குறைத்து உங்களுக்கு ஏழில் மூன்றும் பிள்ளைகளுக்குத் தலா ஏழில் இரண்டும் தந்திருப்பார்கள். ஒரு பேச்சுக்கு உங்களுக்கு மறுமணம் நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும், உங்கள் பங்கு மட்டுமே நிற்கும். பிள்ளைகளின் பங்கு தலா ஐந்தில் இரண்டாக உயர்ந்திருக்க வேண்டும்!

அந்தச் சட்டத்தின் பிரிவு 55ஏ-இன்படி உதவித்தொகையை மறுபரிசீலனை செய்து நிறுத்த ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அதற்குப் புதிய சான்று வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது இயற்கை நீதிக்கும் எதிரானது.

முதலில் கிளை மேலாளருக்கு எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். உத்தரவு நகலையும் காரணத்தையும் கேளுங்கள். உங்கள் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். உயிர்வாழ் சான்றோ மறுமணம் செய்யவில்லை என்ற உறுதிமொழியோ நிலுவையில் இருந்தாலும் பணம் நிற்கும். அப்படியானால் அதைக் கொடுத்தாலே வேலை முடிந்துவிடலாம். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்றும் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "நிறுத்தச் சொன்ன உத்தரவின் தேதி, பிறப்பித்த அதிகாரியின் பதவி, ஆதாரமாகக் கொண்ட ஆவணங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பதில் வராவிட்டாலும் பாதகமாக வந்தாலும், தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். 55ஏ-இன் கீழான உத்தரவை எதிர்க்கும் இடம் அதுதான். சிவில் கோர்ட்டுக்குப் போய் நாளை வீணாக்காதீர்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதாவது 2026 முடிவதற்குள். அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். வக்கீல் செலவை எண்ணித் தயங்கவும் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இதற்கிடையே, "இதில் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகள் பணமாவது வரும்" என்று யாராவது தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் மறுமணம் செய்ததாக அதில் ஒரு வரி இருந்தால் போதும், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

மனுவில் மூவரும் மனுதாரராக இருங்கள். மகன் மேஜர் ஆகிவிட்டதால் அவரே கையெழுத்திட வேண்டும். மகளுக்காகக் காப்பாளர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்திடலாம்.