வீடு கட்டின வருஷம் என்ன?

அடுத்த மாதம் பாஸ்டன் பக்கம் வருகிறோம், ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான், சோமர்வில்லில் ஒரு பழைய மரவீட்டின் நடுத்தளம் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா, மிக்ஸி கொண்டுவரலாமா, கார் முதலிலா லைசென்ஸ் முதலிலா, தமிழ்ப் பள்ளி எங்கே என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். காருக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். நான் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்றரை வயது, சோமர்வில், பழைய வீடு, மலிவு: நான்கும் ஒரே வரியில் வந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2003 அக்டோபரில் நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன்.

ட்ரிபிள் டெக்கர் என்பார்கள் இங்கே. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடித்தனம், முன்னால் மூன்று தாழ்வாரம், எல்லாம் மரம். பெரும்பாலும் நூறு வருஷம் தாண்டினவை. கும்பகோணத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த மரத்தரையும் உயரமான ஜன்னல்களும் கொள்ளை அழகாகத் தெரிந்தன. வீட்டுக்காரர் நீட்டிய காகிதக் கட்டில் லெட் பெயின்ட், அதாவது காரீயம் கலந்த பெயின்ட் பற்றியும் ஒரு தாள் இருந்தது. என் கணவர் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் பையனுக்குப் பொழுதுபோக்கே ஜன்னல்தான். பனி தள்ளும் வண்டி மஞ்சள் விளக்கோடு தெருவில் வரும்போது ஓடிப்போய் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். விளிம்பு சரியாக அவன் வாய் உயரம். கடைவாய்ப் பல் முளைக்கிற சமயம். கடிப்பான். வெள்ளைப் பெயின்டில் வரிசையாகப் பல் தடம் பதிந்திருக்கும். அதை போட்டோ எடுத்து ஊருக்கு வேறு அனுப்பினேன்.

ஏப்ரலில் டே கேரில் சேர்க்க ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்டார்கள். இந்த மாநிலத்தில் ஒரு வயதுக்குள் ஒரு தடவை, இரண்டு வயதில், மூன்று வயதில் என்று குழந்தைகளுக்குக் காரீயம் பார்த்தே ஆகவேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்ததில் 17 வந்தது. விரலில் தூசி ஒட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும் என்று நரம்பில் மறுபடி எடுத்தார்கள். 14. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 14 மைக்ரோகிராம்.

ராத்திரியே மாமியாருக்குப் போன். "குழந்தை ரத்தத்தில் ஈயம் இருக்காம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ரசம் வைக்கிற ஈயச் சொம்பை எதுக்குடி அங்கே தூக்கிக்கொண்டு போனே?" என்றார். நம் மொழியில் இது ஒரு தொல்லை. ரசச் சொம்பின் ஈயம் வெள்ளீயம், வேறு உலோகம். பெயின்டில் இருப்பது காரீயம். ஆனாலும் மாமியாரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளீயம் என்று விற்கிற சொம்பில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சூடான புளித்தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துவிடும். என் சொம்பு அன்றைக்கே அலமாரிக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். நான் செய்த தப்பு அடுத்ததுதான். நகரச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்வதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், அதுதான் ஆபத்து. மறுநாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லா ஜன்னல் சட்டத்தையும் உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்து, புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். வீடு முழுக்க மாவு மில் மாதிரி வெள்ளைத் தூள். நான் ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பூந்துடைப்பத்தால் அதைப் பெருக்கித் தள்ளினேன். ஜூனில் பையனுக்கு மறுபடி பார்த்தபோது 22.

பிறகுதான் சோதனைக்காரர் வந்தார். ஜன்னல் சட்டத்தில் சின்னக் கத்தியால் ஒரு வெட்டு. அடுக்கடுக்காகப் பெயின்ட் தெரிந்தது: மேலே புது வெள்ளை, கீழே பச்சை, அதற்கும் கீழே பழுப்பு. சோடியம் சல்ஃபைடு ஒரு சொட்டு விட்டார். அழுகின முட்டை நாற்றம். கண்மை தீற்றினது போல அடி அடுக்கு கருத்தது. காரீயம் இருந்தால் கருக்கும். சமையலறை ஜன்னல், கூடத்து ஜன்னல், பின்கதவு என்று அவர் நகர நகரக் கறுப்புப் புள்ளியாக விழுந்துகொண்டே வந்தது.

பெயின்டை உரித்துத் தின்றால்தான் ஆபத்து என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜன்னலை ஏற்றி இறக்கும்போது சட்டமும் சட்டமும் உரசித் தூள் விழுகிறது. ஜன்னலைத் தூக்கினால் கீழே ஒரு பள்ளம் தெரியுமே, அங்கே சேர்கிறது, காற்றடித்தால் தரைக்கு வருகிறது. தவழ்கிற குழந்தை கையை வைக்கிறது, கை வாய்க்குப் போகிறது. வயிற்றுக்குள் போகிற காரீயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் சின்னக் குழந்தை உடம்பு கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம். எலும்பில் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். மருந்து கொடுத்து வெளியேற்றுவதெல்லாம் 45க்கு மேல் போனால்தான். அதற்குக் கீழே ஒரே வைத்தியம், வருகிற வழியை அடைப்பது.

இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904லேயே தாழ்வாரக் கம்பிப் பெயின்ட்தான் குழந்தைகளுக்கு விஷமாகிறது என்று எழுதிவிட்டார். அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் அதைத் தடைசெய்தது 1978ல். நடுவில் கட்டிய வீடெல்லாம் நமக்கு வாடகைக்கு வருகிறது. 1940க்கு முந்தைய வீடுகளில் நூற்றுக்கு 87ல் எங்காவது லெட் பெயின்ட் இருக்கும் என்பது அரசாங்கக் கணக்கு.

இன்னொன்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற காரீயமே, நோய் என்று வெளியே தெரியாமல், குழந்தையின் அறிவையும் கவனத்தையும் குறைக்கிறது என்று 1979ல் காட்டியவர் ஹெர்பர்ட் நீடில்மன். அவர் எந்த ஊர்க் குழந்தைகளைப் பார்த்தார் தெரியுமா? செல்சி, சோமர்வில். இதே சோமர்வில். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால் பல்லை வாங்கி அதில் காரீயம் எவ்வளவு என்று அளந்தார். நாம் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிகிறோம், அவர் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். காரீயத் தொழில்காரர்கள் பக்கமிருந்து அவர்மேல் மோசடிப் புகார் சொல்லி வருஷக்கணக்கில் அலைக்கழித்தார்கள். விசாரணையில் மோசடி இல்லை என்று முடிந்தது.

"நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம், என்ன குறைந்துபோனோம்?" என்று தமிழ்ச் சங்கப் பொங்கல் பந்தியில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார். என்ன குறைந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் பையனுக்கு வந்த 14, 1970களின் கடைசியில் அமெரிக்கச் சிறு குழந்தைகளின் சராசரியை ஒட்டிய எண். பெட்ரோலிலும் பெயின்டிலும் காரீயத்தை எடுத்தபின் அது 1க்கும் கீழே இறங்கியது. 2004ல் 10 என்று இருந்த எச்சரிக்கைக் கோட்டை 2012ல் 5 ஆக்கினார்கள், 2021ல் 3.5. இதற்குக் கீழே பயமில்லை என்று ஒரு எண்ணை யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் பெட்ரோலில் காரீயம் நின்றது 2000ல். பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று விதி வந்தது 2016ல். இந்தியக் குழந்தைகளில் 27 கோடிக்கும் மேல் 5ஐத் தாண்டி இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020ல் சொன்னது.

இதைவிட எரிச்சல் தருகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். இங்கே நன்றாகக் காலூன்றி, பழைய வீடு ஒன்றை வாங்கி, வாடகைக்கு விடும்போது "பேச்சிலர்ஸ் மட்டும்" என்கிற நம் ஆட்கள். ஏன் தெரியுமா? மாசசூசெட்ஸ் சட்டப்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை குடியிருந்தால் லெட் பெயின்ட் ஆபத்தை வீட்டுச் சொந்தக்காரர்தான் சரிசெய்து தரவேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து குழந்தை உள்ளவர்களை வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொல்வதும் சட்டவிரோதம். இன்னொரு பக்கம், வீடு கைவிட்டுப் போய்விடுமே என்று குழந்தை இருப்பதையே மறைத்துக் குடிபோகிறவர்களும் நம்மில் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் செய்யவேண்டியது, கட்டின வருஷத்தைக் கேட்பது. 1978க்கு முன் என்றால் லெட்டர் ஆஃப் கம்ப்ளையன்ஸ், அதாவது லெட் பெயின்ட் ஆபத்தைச் சட்டப்படி சரிசெய்தாயிற்று என்ற சான்றிதழ், இருக்கிறதா என்று கேட்பது. இருந்தால் அந்தப் பழைய வீட்டையே தைரியமாக எடுக்கலாம், பழையது எல்லாம் மோசமில்லை. மாநிலச் சுகாதாரத் துறை வைத்திருக்கும் லெட் சேஃப் ஹோம்ஸ் பட்டியலில் விலாசத்தைப் போட்டு எப்போது சோதித்தார்கள் என்று நீங்களே பார்க்கலாம். வந்த பிறகு துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி. செருப்பை வாசலில் விடுவது நமக்குப் பழக்கம்தான். அதை இங்கத்திக்காரர்களுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று வெந்நீர்க் குழாயில் உலைக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள், பழைய குழாயில் சூடான தண்ணீர் காரீயத்தை அதிகம் எடுக்கும். பையனுக்கு ராகி, தயிர், கீரை. வயிறு காலியாக விடவேண்டாம். உதிரி மஞ்சள்தூள், குங்குமம், பாட்டி கொடுத்த பஸ்பம் இவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள், இவற்றிலும் காரீயம் இருக்கலாம். பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, ஐந்தில் ஒன்றில் காரீயம் உள்ளிட்ட கன உலோகம் இருக்கிறது என்று ஒரு ஆய்வு வெளிவந்தது 2004ல், நான் அல்லாடிக்கொண்டிருந்த அதே வருஷம்.

நாங்கள் ஆகஸ்டில் வால்தமில் 1980களில் கட்டிய ஒரு அபார்ட்மென்டுக்குப் போனோம். மாதம் 400 டாலர் கூடுதல். அந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை, காரும் வாங்கவில்லை. பையனின் எண் 22லிருந்து 5க்குக் கீழே வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது வேலைக்குப் போகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் நாலாம் வகுப்பில் அவன் வாய்ப்பாட்டில் தடுமாறியபோது வாத்தியார் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை, அந்த 22தான் ஓடிக்கொண்டிருந்தது.

காலி செய்த அன்று கீழ்த்தளத்து எல் சால்வடார் பெண் மூன்று பிள்ளைகளோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டையும் சோதிக்கச் சொல் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவளுக்குக் குடியேற்றக் காகிதம் சரியில்லை, அதிகாரி யாரும் வாசல் ஏறக்கூடாது என்ற பயம். தலையை ஆட்டினாள், கடைசிப் பெட்டியைத் தூக்கிவிட உதவினாள். அந்த மூன்றில் கடைசிப் பெண்ணுக்கு என் பையன் வயதுதான். அவர்கள் வீட்டு ஜன்னலும் எங்கள் வீட்டு ஜன்னலும் ஒரே தச்சன் செய்தவை.

மிக்ஸி இங்கே 110 வோல்ட், அதற்கென்று செய்ததைச் சென்னையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் கட்டின வருஷத்தைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். கையெழுத்து அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.