கும்பகோணம் மாதிரி ஊரில் தெருவைப் படமெடுக்க வைட் ஆங்கிள் (அகலக் கோண) லென்ஸ் வேண்டுமா? கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் போதாதா?

ஆரம்பிக்கக் கிட் லென்ஸே போதும். எம்எம் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் 18 எம்எம் என்பது ஃபுல் பிரேமில் (பெரிய சென்சாரில்) 27 எம்எம்முக்குச் சமம் (கேனனில் 29). அதுவே வைட் ஆங்கிள்தான். ஜூம் வளையத்தை 18-லேயே விட்டு ஒரு வாரம் தெருவில் நடந்து பாருங்கள். பிடித்துப்போனால் 10-18, 10-20 வகை லென்ஸுக்குப் போகலாம்.

டெல்டா ஊர்களில் அது ஏன் தேவைப்படுகிறது என்றால், கோபுரம் பெரிது, சன்னதித் தெரு சின்னது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். சாயாமல் இருக்கக் கேமராவை நெட்டாக (செங்குத்துப் படமாக), மேலே கீழே சாய்க்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்து 100 அடிக் கோபுரத்தின் கலசம் வரை அடக்க, 18 எம்எம்மில் சுமார் 150 அடி தள்ளி நிற்க வேண்டும். 10 எம்எம்மில் 80, 85 அடி போதும். அந்த 65 அடிக்குள்தான் பெரும்பாலும் கடையும் மின்கம்பமும் வந்து மறைக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் அடக்குவதற்கான லென்ஸ் என்று மட்டும் இதை நினைத்தால் சீக்கிரமே அலுத்துவிடும். மட்டமாகப் பிடித்த படத்தில் கீழ்ப்பாதி முழுக்க வெறும் ரோடுதான் இருக்கும். அங்கே ஒரு பொருள் வேண்டும். பாத்திரக் கடை வாசலில் அடுக்கிய பித்தளைக் குடத்துக்கு 2 அடி கிட்டே போய் உட்காருங்கள். அங்கிருந்து 4 அடிக்கு நகர்ந்தால் குடம் பாதியாகச் சுருங்கும். தெருக்கோடிக் கோபுரம் இம்மியும் மாறியதாகத் தெரியாது. கிட்டே இருப்பதன் அளவை உங்கள் கால்தான் தீர்மானிக்கிறது. இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் இந்த லென்ஸைக் கழற்ற மனசே வராது, அவ்வளவு சுகம்!

10 எம்எம்மில் அபர்ச்சரை (லென்ஸின் திறப்பளவை) எஃப்8-இல் வைத்து, 3 அடியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டால் ஏறக்குறைய ஒன்றேகால் அடியிலிருந்து கோபுரம் வரை தெளிவாக விழும். பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டாம். கிட்டே நடப்பவர்கள் படச்சட்டத்தைச் சட்டென்று கடந்துவிடுவார்கள் என்பதால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது.

மனிதர்களை மூலையில் நிறுத்தாதீர்கள், தலை இழுபட்டு நீளும். நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ் ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கம் இழுத்தே தீரும். விலை உயர்ந்த லென்ஸிலும் அப்படித்தான்.

பழக நல்ல இடம், கும்பேஸ்வரர் கோயிலுக்கு முன்னால் இருபுறமும் கடைகள் உள்ள நீண்ட மண்டபம். தூண் வரிசை உள்நோக்கி ஓடும். நடுவிலிருந்து ஓரடி விலகினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே கேமரா திரையில் கிரிட் (கட்டக்) கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளி வெளிச்சம் வெளுக்காதபடி எக்ஸ்போஷர் வைத்து, RAW (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவில் எடுத்து, நிழல் பகுதியைப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்கலாம். உள்ளே எடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளவும்.

போலரைசர் (வானத்தைக் கருநீலமாக்கும் ஃபில்டர்) வேண்டாம், இவ்வளவு அகலத்தில் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலமாகத் திட்டாகும். வெயில் சட்டத்துக்குள் வரும்போது முன்கண்ணாடித் தூசி ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும், கிளம்பும் முன் துடையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நல்ல லென்ஸுக்கும் அது வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையில் மூடி வைக்க வேண்டாம்.