யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அம்மா முதல் தடவையாகப் பயணம் செய்கிறார்.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். பூமியுருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அந்தப் பாதை இந்தியா, ஆப்கானிஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடக்கு, கிறீன்லாந்து என்று போய்க் கனடாவுக்குள் இறங்கும். ஆனால் அந்த வழியில் நேரடி விமானம் கிடையாது. டுபாயில் மாறிப் போனால் கொழும்பு–டுபாய் 3,300, டுபாய்–ரொறன்ரோ 11,100 என்று 14,400 கிலோமீற்றர் வரும்.

நேரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு: பெரிய ஜெட் என்றால் தூரத்தை 850ஆல் பிரித்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டுங்கள். டுபாய்–ரொறன்ரோ பதின்மூன்றரை மணி நேரம் என்று வரும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எதிர்ப்பதால் போகும்போது 14 மணி நேரமளவில் ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும், நேரம் குறையும்.

ஆனால் அம்மாவுக்கு இந்தக் கணக்கு போதாது. வீட்டுப் படலையிலிருந்து எண்ண வேண்டும். பலாலியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா ஆகாய வழியில் 290 கிலோமீற்றர்தான், ஆனால் றோட்டால் வான் வண்டியில் போனால் ஏழு மணி நேரமாவது வேண்டும். அதைவிடத் தூரமான சென்னைக்கு, 355 கிலோமீற்றர், பலாலியிலிருந்து ஏ.ரி.ஆர் என்ற சிறிய விசிறி விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். வயதானவர்களுக்கு இந்த றோட்டுப் பயணம்தான் முழுப் பயணத்திலும் கடினமான பகுதி என்று நான் நினைக்கிறேன். முடிந்தால் முதல் நாளே நீர்கொழும்புப் பக்கம் போய்த் தங்கி, இரவு நன்றாக நித்திரை கொண்டுவிட்டு ஏறட்டும்.

சரி, கூட்டிப் பார்ப்போம். றோட்டால் வான் வண்டியில் 7, விமான நிலையத்தில் 3, டுபாய்க்கு 5, அங்கே காத்திருப்பு 3, அப்புறம் 14, ரொறன்ரோவில் குடிவரவும் பெட்டி எடுப்பதும் 2. மொத்தம் 34 மணி நேரம். காத்திருப்பு நீண்டால் இதுவும் நீளும்.

ரிக்கற்றில் அச்சடிக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. குளிர்காலத்தில் கட்டுநாயக்காவில் காலை 10 மணிக்கு ஏறினால் அதே நாள் இரவு 9.30க்கு இறங்குவதாகத் தெரியும். பதினொன்றரை மணி நேரம்தானே என்று எண்ணி மருந்தைக் குறைத்துக் கொடுத்துவிடாதீர்கள். உண்மையில் 22 மணி நேரம். மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டுடன்.

சென்னை வழி கிட்ட என்பது உண்மைதான். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது, கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஆனால் சென்னை வரை ஒரு ரிக்கற், அதற்கப்பால் வேறொரு ரிக்கற் என்று பிரித்து எடுத்தால், பெட்டியை வெளியே எடுத்துத் திரும்பப் போட வேண்டி வரும். அதற்கு இந்திய விசா தேவைப்படும். காசு மிச்சம் பிடிக்க அம்மாவை அந்த அலைச்சலுக்குள் விடாதீர்கள். ஒரே ரிக்கற்றில் ரொறன்ரோ வரை பெட்டி போகும்படி எடுங்கள்.

பதிவு செய்யும்போதே வீல்செயார் கேளுங்கள். நடக்கக்கூடியவராக இருந்தாலும் கேளுங்கள். கட்டணம் இல்லை, டுபாயில் ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்கு அவர்களே கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.