பப்பாளியோடு எதைச் சேர்க்கக் கூடாது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பப்பாளியும் பாலும் சேர்ந்தால் விஷம் என்கிறார்கள். வீட்டில் மில்க் ஷேக் போட்டுக் குடிக்கலாமா?

விஷமெல்லாம் ஆகாது. பால் திரியும், கசக்கும், அவ்வளவுதான். பப்பாளிக் காயைக் கீறினால் வடிகிற வெள்ளைப் பாலில் பப்பாயின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் வேலை. கடினமான இறைச்சி மிருதுவாக வேண்டுமென்று காயை அரைத்துத் தடவுவதும் இதற்காகத்தான். ஷேக்கில் பாலின் கேசின் புரதம் அதன் கையில் சிக்குகிறது. வெட்டுப்பட்ட துண்டுகளில் சில கசக்கும். காலையில் அடித்து வைத்ததை மதியம் வாயில் வைக்க முடியாமல் போவது அதனால்தான். காயில் இந்த நொதி நிறைய, நன்றாகப் பழுத்ததில் குறைவு. ஆகவே பழுத்த பழமாகப் பார்த்து எடுத்து, அடித்தவுடன் குடித்துவிடுங்கள். வயிற்றுக்குள் போய்த் திரியாதா என்றால், வெறும் பாலைக் குடித்தாலும் இரைப்பையில் திரியத்தான் செய்யும். பால் குடித்தாலே வயிறு உப்புகிறவர்களுக்குச் செரிக்காதது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. பழத்தின் மீது பழி போட வேண்டாம்.

கேள்வி: எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் ரத்தசோகை வருமாமே?

இதை யார் கிளப்பிவிட்டார்களோ! உண்மை நேர்மாறானது. 100 கிராம் பப்பாளியில் சுமார் 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, எலுமிச்சையிலும் அது உண்டு. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவுவதே இந்த வைட்டமின்தான். தாராளமாகப் பிழியுங்கள்.

கேள்வி: பப்பாளி போட்ட ஜெல்லி உறையவே இல்லை. ஏன்?

ஜெலட்டினும் புரதம்தானே, அதையும் நொதி வெட்டிவிட்டது. பழத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேருங்கள். அல்லது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகருக்கு மாறிவிடுங்கள். அது புரதம் இல்லை.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். தினமும் பப்பாளி கொடுக்கலாமா?

இந்த முறை வந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான். பாலையும் எலுமிச்சையையும் பார்த்துப் பயப்படுகிற நாம் மாத்திரையை மறந்துவிடுகிறோம். பப்பாளியும், அதைவிட முக்கியமாகப் பப்பாயின் மாத்திரைகளும், வார்ஃபரினின் வேலையைக் கூட்டி ரத்தக்கசிவுக்கு வழிவிடலாம் என்பதால் எச்சரிக்கை தேவை. எப்போதாவது இரண்டு துண்டு என்பது வேறு, தினமும் ஒரு கிண்ணம் என்பது வேறு. தினசரி கொடுப்பதானால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். செரிமானத்துக்கு என்று விற்கும் பப்பாயின் மாத்திரை அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம், வீட்டில் யாராவது தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் எடுத்தால், அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். எழுந்ததும் பழம் சாப்பிடுகிற பழக்கமிருந்தால், மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பழம்.

கேள்வி: கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாதா?

காயும் அரைப்பழமும் வேண்டாம். அவற்றின் பால் கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடும். முழுதாகப் பழுத்ததை அளவோடு சாப்பிடலாம்.

கேள்வி: பப்பாளி சாப்பிட்டால் உதடு அரிக்கிறது. ரப்பர் கையுறை போட்டாலும் கை தடிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரப்பர் பாலின் புரதங்களைப் போன்றவை பப்பாளி, வாழை, அவகாடோ, கிவி ஆகியவற்றிலும் இருக்கின்றன. எதோடு சேர்த்தாலும் உங்களுக்குப் பப்பாளி ஆகாது, நிறுத்திவிட்டு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். மற்ற மூன்று பழங்களைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். எப்போதாவது நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு திணறினால், வீட்டில் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.