லண்டன் குளிர்காலப் பகற்பொழுது: கோபியிலிருந்து வந்த தங்கைக்குப் பதில்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஐப்பசியில் லண்டன் வந்து சேர்ந்த தங்கை ஒருவர், கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் சென்ற பிறகு மூன்றாம் மாடி வீட்டில் பேச ஆளில்லாமல் இருப்பதாகவும், நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் இந்த மார்கழியை எப்படிக் கடத்துவது என்றும் கேட்டிருக்கிறார். நான் அவிநாசியிலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்டவள்; எனக்குக் கைகொடுத்தவற்றையே சொல்கிறேன்.

அம்மிணி, ஊருக்குப் பேசும் நேரத்தை முதலில் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இங்கே பகல் ஒன்றரை மணி என்றால் அங்கே இரவு ஏழு மணி; அம்மா வேலைகளை முடித்து உட்காரும் பொழுது அது. மற்ற நேரமெல்லாம் கைப்பேசியில் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தால், வந்து சேர்ந்த ஊர் கண்ணில் படாமலே போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வந்த ஊரைப் பழகிக்கொள்ள உங்கள் பால்கனியே போதும். வாடகை ஒப்பந்தம் பறவைகளுக்குத் தீனி வைப்பதைத் தடுக்கவில்லையா என்று பார்த்துவிட்டு, சூரியகாந்தி விதை நிரப்பிய தீனிக்கூடு ஒன்றைக் கம்பியில் தொங்கவிடுங்கள். உமி கீழ்வீட்டாரின் பால்கனியில் விழாதபடி அடியில் ஒரு தட்டு வேண்டும். எலி வரும் என்பதால் சிந்தியதை இரவில் விட்டுவைக்கக் கூடாது. உப்பிட்ட மிக்சரும் முறுக்கும் பறவைகளுக்கு ஆகாது. தீனிக்கூட்டை வாரம் ஒருமுறையாவது கழுவிக் காயவைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அழுக்கான தீனிக்கூடுகளின் வழியே பரவும் தொற்றுநோயால் கிரீன்ஃபிஞ்ச் என்னும் பச்சைக் குருவிகள் இந்நாட்டில் பெருமளவில் குறைந்துவிட்டன.

நீலத் தலையும் மஞ்சள் வயிறுமாக ப்ளூ டிட் வரும். ராபின் குளிர்காலத்திலும் தன் எல்லையைக் காத்துப் பாடும் பறவை என்பதால், தெருவிளக்கு எரியும் இருட்டிலும் அதன் குரலைக் கேட்பீர்கள். நம் தென்னந்தோப்புப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் அதே பச்சைக்கிளியும் இங்கே உண்டு. வளர்ப்பிலிருந்து தப்பிய கிளிகள் 1969-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இனப்பெருக்கம் செய்து, இன்று லண்டன் பூங்காக்களை நிறைத்திருக்கின்றன. சிறு பறவைகளை அவை விரட்டுவது உண்மைதான். கம்பிவலைக்குள் அமைந்த தீனிக்கூடு வாங்கினால் சிறு பறவைகள் மட்டும் உள்ளே நுழைந்து தின்னும்.

ஜனவரி கடைசி வாரயிறுதியில் ஆர்.எஸ்.பி.பி. என்னும் இந்நாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு, 1979-இல் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பை நடத்தும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு இனத்திலும் ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும், பால்கனியிலிருந்தும் செய்யலாம். மூன்று பேரும் சேர்ந்து அமருங்கள், மகள் எழுதட்டும். என் பிள்ளைகள் அந்தப் பட்டியலைத் தொலைபேசியில் தாத்தாவிடம் வாசித்துக் காட்ட, அவர் பதிலுக்குத் திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் கண்ட பறவைகளைச் சொல்வார். 2024-இல் அந்தக் குளம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் இனிப்பு செய்தோம்.

இருட்டிய பிறகு பறவைகளைப் பார்க்க முடியாது. அப்போது கைக்கு வேலை வேண்டும். திருமணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பின்னல் உங்களுக்குப் புதிதே அல்ல. சிங்கிள் ஜெர்சி என்னும் பனியன் துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் எப்படி இருக்குமோ, ஒரு வரிசை நேர்க்கண்ணி (நிட்), மறுவரிசை மறுகண்ணி (பர்ல்) என்று இரண்டு ஊசியால் பின்னினாலும் அப்படியே வரும். கழுத்துப்பட்டி ரிப் என்பது இரண்டையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் போடுவதுதான். நழுவிய கண்ணியைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. டி.கே. என்று குறித்த நடுத்தரத் தடிமன் நூலும் 4 மி.மீ. ஊசியும் வாங்கி, மகளுக்கு ஒரு கழுத்துக்குட்டையிலிருந்து தொடங்குங்கள். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் நூலாக இருக்கட்டும். பழைய பொருள்களை விற்கும் தர்ம நிதிக் கடைகளில் (சாரிட்டி ஷாப்) ஊசிகள் மலிவாகக் கிடைக்கும்.

மகள் வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் அமர்ந்து பின்னுங்கள். கை வேலையாகவும் காது அவளிடமும் இருந்தால், கேட்காமலே பள்ளிக் கதைகள் வரும்; தொலைக்காட்சி முன்னே அது நடப்பதில்லை. உங்கள் வட்டார நூலகத்தில் ‘நிட் அண்ட் நேட்டர்’ என்னும், பின்னிக்கொண்டே பேசும் கூடுகை நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை. ஆங்கிலம் தயங்கித் தயங்கி வந்தாலும், கையில் பின்னல் இருப்பதால் பேச்சு அதைப் பற்றியே தொடங்கும். முதல் முறை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எந்தப் பகுதி என்று எழுதுங்கள். அருகில் என்றால் நானே உடன் வருகிறேன்.