ராயபுரம் டு ராமேஸ்வரம் சைக்கிள்ல, கூடவே ஒரு வேன்: அஞ்சு நாள் போதுமா?

ராயபுரத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. வயசு 61, ஹார்பர் வேலைல இருந்து ரிட்டயர் ஆயிட்டாரு, பிபி மாத்திரை போடுறாரு. கூட வேலை பாத்த தோஸ்துங்க மூணு பேரு சொந்த ஊருக்கே போயிட்டாங்க, ஒருத்தர் கடலூர், ஒருத்தர் நாகப்பட்டினம், இன்னொருத்தர் அதிராம்பட்டினம். மூணு பேரையும் பாத்துட்டு ஈசிஆர் வழியா ராமேஸ்வரம் வரைக்கும் கியர் சைக்கிள்ல போகணும், மருமகன் டெம்போ டிராவலர கேரவன் மாதிரி ஆக்கி கூட ஓட்டிட்டு வருவாரு. அஞ்சு நாள்ல முடியுமா, வேன எப்படி ரெடி பண்றதுன்னு கேள்வி.

அண்ணே, போலாம், தாராளமா போலாம். ஆனா அஞ்சு நாள் வேணாம், பத்து நாள் எடுத்துக்கோங்க. மொத்த தூரம் கிட்டத்தட்ட 600 கிமீ வரும், அஞ்சால வகுத்தா ஒரு நாளைக்கு 120. பழகினவங்களுக்கு அது ஓட்டிரலாம், ஆனா 120 ஓட்டிட்டு சாயந்திரம் ஆறு மணிக்கு ஃப்ரெண்டு வீட்டுக்கு போனீங்கன்னா குளிச்சிட்டு சாப்ட்டு உக்காந்த இடத்துலயே தூங்கிருவீங்க, அவரு பல வருஷ கதைய வெச்சுக்கிட்டு உங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இருப்பாரு. வண்டி ஓட்டற நாள் வேற, தோஸ்த பாக்குற நாள் வேற. அதனால மேப்ப பாத்து நாள பிரிக்காதீங்க, மூணு வீட்ட முதல்ல குறிச்சிட்டு அந்த வீட்டுக்கு போற நாள் மட்டும் 25, 35 கிமீ வர்ற மாதிரி வெச்சுக்கோங்க, காலைல பத்து மணிக்குள்ள அங்க இருக்கணும்.

எப்டின்னா, முதல் நாள் மகாபலிபுரத்தோட நிறுத்திக்கோங்க, சிட்டிய தாண்டுறதே பாதி உழைப்பு. ரெண்டாவது நாள் பாண்டிச்சேரி, 95 கிட்ட வரும். மூணாவது நாள் கடலூர், வெறும் 25, முழு நாளும் அந்த அண்ணனோட. நாலாவது நாள் சிதம்பரம், சீர்காழி தாண்டி தரங்கம்பாடி. அஞ்சாவது நாள் காரைக்கால் வழியா நாகப்பட்டினம், 35. ஆறாவது நாள் வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைன்னு அதிராம்பட்டினம், இது நீளமான நாள், போறப்பவே சாயந்திரம் ஆயிரும், அதனால ஏழாவது நாள் சைக்கிளே எடுக்காம அங்கயே இருங்க. அப்புறம் தொண்டி, அதுக்கப்புறம் மண்டபம், கடைசி நாள் காலைல பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம். தோஸ்துங்க கிட்ட கரெக்ட் டைம் சொல்லாதீங்க, ஒம்பதுல இருந்து பதினொன்னுக்குள்ளன்னு சொல்லுங்க, லேட் ஆச்சேன்னு வேகமா மிதிக்க வேண்டிய அவசியமே வராது. இன்னொன்னு, அவங்க வீட்டு சாப்பாட்ட மதியமே வெச்சுக்க சொல்லுங்க, ராத்திரி பிரியாணி சாப்ட்டு மறுநாள் விடியக்காலைல மிதிக்கிறது ரொம்ப கஷ்டம்.

எப்ப கிளம்புறதுன்னா பொங்கல் கூட்டம் கரைஞ்ச அப்புறம், ஜனவரி கடைசி. அப்போ காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், நீங்க தெற்க போறதால பெரும்பாலும் முதுகுல தள்ளி விடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம கரையோரம் மழை, ஏப்ரல் தாண்டுனா வெயில் தாங்காது. தை மாசத்துல டெல்டா பக்கம் அறுப்பு நடக்கும், ரோட்டு மேலயே நெல்லு காய போட்டிருப்பாங்க, வைக்கோலும் கெடக்கும், அது மேல பிரேக் புடிச்சா வழுக்கும், முன்னாடியே ஸ்பீட கொறச்சிட்டு ஓரமா போங்க.

வேன பத்தி. டிராவலர் யெல்லோ போர்டா இருந்தா ஆல் இந்தியா பெர்மிட் இருக்கான்னு ஓனர் கிட்ட கேளுங்க, ஏன்னா பாண்டிச்சேரியும் காரைக்காலும் வேற ஆட்சி, செக்போஸ்ட்ல நிறுத்துனா தோஸ்து வீட்டுக்கு போற காலை வீணா போயிரும். சீட்ட கழட்டி வெல்டிங் எல்லாம் அடிக்காதீங்க, ஆர்டிஓ பிரச்சனை வரும், சீட்டு மேலயே பலகை போட்டு மெத்தை விரிச்சா போதும். அஞ்சு கிலோ சிலிண்டர் எடுத்துக்கலாம், ஆனா சமையல் வண்டிக்கு வெளியில தான், வண்டி ஓடும்போது ரெகுலேட்டர கழட்டி வெச்சிடணும். இதுல நான் ரொம்ப கண்டிப்பா சொல்றது ஒன்னு, ராத்திரி இன்ஜின ஓட விட்டு ஏசி போட்டுக்கிட்டு கதவ மூடி யாரும் தூங்கக் கூடாது, புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும். ஜன்னலுக்கு கொசுவலை அடிச்சு சின்ன பேட்டரி ஃபேன் வெச்சுக்கோங்க.

வேன் உங்க பின்னாடியே ஊர்ந்து வரக் கூடாதுண்ணே. நிறைய பேரு அதுதான் பாதுகாப்புன்னு நெனைக்கிறாங்க. அமெரிக்காவுல கண்டத்தையே குறுக்க தாண்டுற 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' (RAAM) சைக்கிள் ரேஸ்ல ராத்திரி நேரம் கார் பின்னாடியே வரணும்னு ரூல் இருக்கு, அது அந்த ரோட்டுக்கு. ஈசிஆர்ல 15 கிமீ ஸ்பீட்ல ஒரு வேன் போனா பின்னாடி வர்ற பஸ்ஸு ஓவர்டேக் எடுத்து நேரா உங்க மேல தான் ஒதுங்கும். அதனால மருமகன் 15 கிமீ முன்னாடி போய் ஒரு பங்க்லயோ கோயில் வாசல்லயோ நிக்கணும், நீங்க வந்து தண்ணி ரொப்பிக்கிட்டு கிளம்புனதும் அவரு அடுத்த ஸ்டாப்புக்கு போகணும். எந்த இடம்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேரு சொல்லி பேசிக்கோங்க, போன் கெடைக்கலன்னாலும் அவரு அந்த இடத்த விட்டு நகரக் கூடாது, ஒன்றரை மணி நேரம் ஆகியும் நீங்க வரலன்னா மட்டும் திரும்பி வந்து தேடணும். தொண்டில இருந்து தேவிபட்டினம் வரைக்கும் நிழலும் கடையும் கம்மி, அங்க பத்து பத்து கிமீயா வெச்சுக்கோங்க. பத்து நாளும் ஸ்டியரிங் புடிக்கிறது அவரு தான், நீங்க மிதிக்கிற அளவுக்கு அவருக்கும் உழைப்பு இருக்கு, தோஸ்து வீட்டுல இருக்குற நாள் அவருக்கு முழு லீவு விடுங்க.

வேன் இருக்குன்னு வெறும் கையோட ஓட்டாதீங்க. ஒரு டியூப், டயர் லீவர், கைப்பம்பு, ரெண்டு பாட்டில், கொஞ்சம் காசு, ஆதார் காப்பி உங்க கிட்டயே இருக்கணும். கியர் சைக்கிள் 700 சைஸ் டயர்னா சின்ன ஊரு கடைங்கள்ல டியூப் கெடைக்கறது கஷ்டம், ரத்தன் பஜார்லயே நாலு டியூப், ஒரு டயர், செயின் லிங்க், பிரேக் கட்டை வாங்கி வேன்ல போட்ருங்க. ஒல்லி வால்வு டியூப்னா பங்க்ல காத்து அடிக்கிறதுக்கு அடாப்டரும் வேணும்.

பிபி மாத்திரைய பத்தி டாக்டர் கிட்ட இந்த ட்ரிப்ப சொல்லியே கேளுங்க, ஏன்னா சில மாத்திரை தண்ணிய வெளியேத்தும், சிலது இதயத்துடிப்ப ஏற விடாது, டோஸ நீங்களா மாத்தக் கூடாது. ஓட்டும்போது ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கா லிட்டர் தண்ணி, பசி வர்றதுக்கு முன்னாடியே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. வெறும் தண்ணியா குடிச்சிக்கிட்டே இருந்தா உப்பு இறங்கிரும், ஓஆர்எஸ் போடலாமான்னு டாக்டர் கிட்டயே கேட்டுக்கோங்க, அதுல உப்பு இருக்கு.

பழகுறதுக்கு நம்ம பக்கமே ரோடு இருக்கு, பொன்னேரி தாண்டி பழவேற்காடு போயிட்டு வந்தா 100க்கு மேல வரும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டு கடைசில சனி ஞாயிறு ரெண்டு நாளும் தொடர்ந்து 70, 70 ஓட்டி பாருங்க, ரெண்டாவது நாள் காலைல உக்கார முடியுதான்னு பாக்குறது தான் முக்கியம், முடியலன்னா சீட்டு ஹைட்ட சரி பண்ணணும். எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லருக்கு இடது பக்கமா மட்டும் பூந்துராதீங்க, டிரைவருக்கு அந்த சைடு தெரியாது, திரும்பும்போது பின் சக்கரம் உள்ள ஒதுங்கி வரும். உங்களுக்கு ஹார்பர்லயே பாத்த விஷயம் தான், சைக்கிள் மேல இருக்கும்போது அவசரத்துல மறந்துரும். கிளம்புற அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேணாம், விடியக்காலைலயே காசிமேடு மீன் மார்க்கெட் கூட்டம் ரோட்ட அடைச்சிரும். சனிக்கிழமை காலைல லைட்டு போட்டுக்கிட்டு பிராட்வே வழியா பாரிஸ் கார்னர், அப்டியே பீச் ரோட்ட புடிச்சா வெயில் ஏறும்போது திருவான்மியூர் தாண்டிருப்பீங்க.

பாம்பன் பாலத்துல பக்கவாட்டு காத்து பலமா தள்ளும், வேடிக்கை பாக்குறவங்க கார நிறுத்தி கதவ திறப்பாங்க. காலைல எட்டு மணிக்குள்ள தாண்டிருங்க, நின்னு பாக்கணும்னா இறங்கி தள்ளிக்கிட்டே போங்க. திரும்பி வரும்போது சைக்கிள முன் சக்கரம் கழட்டி வேன் உள்ளயே படுக்க வெச்சு கட்டுங்க, கியர் இருக்குற பக்கம் மேல பாத்து இருக்கணும்.

இப்போ முதல் வேலையா மூணு தோஸ்துங்களுக்கும் போன் போட்டு ஜனவரி கடைசில யாரு ஊர்ல இருப்பாங்கன்னு கேளுங்க, அத வெச்சு தான் கிளம்புற தேதியே முடிவு பண்ணணும்.