காலையில் மட்டும் கியர் விழ மறுக்கும் ஆட்டோமேட்டிக் கார்

கேள்வி: என்னிடம் இருப்பது 2011 மாடல் ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் 'ஆர்', 'டி' எதில் போட்டாலும் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் 'டொக்'கென்று கியர் விழுகிறது. 2-இலிருந்து 3-க்கு மாறும்போது எஞ்சின் மட்டும் ரேஸ் ஆகி, பிறகு ஒரு உதறல். பத்து நிமிடம் ஓடினால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் கியர்பாக்ஸை வண்டியிலிருந்து கழற்றி இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 'பத்து நிமிடம் ஓடினால் சரியாகிவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நல்ல சேதி.

இந்த வண்டியில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) வைத்த 4 கியர் பெட்டி. உள்ளே கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். வயதான வண்டியில் ரப்பர் சீல்கள் இறுகிப்போய், குளிர்ந்திருக்கும்போது ஓரமாக அழுத்தத்தைக் கசியவிடும். சூடேறியதும் இளகி அடைத்துக்கொள்ளும். ஆயில் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். இதற்கு நேர்மாறாக, காலையில் நன்றாக ஓடி, டிராஃபிக்கில் சூடான பிறகு வழுக்கினால்தான் நான் கவலைப்படுவேன். சூட்டில் நீர்த்துப்போன ஆயிலைத் தேய்ந்த பம்பும், ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியும் தாங்கிப் பிடிக்காது.

முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் ஆயில்போல வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்தால் தப்பாகக் காட்டும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி 'பி'யில் வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை (அளவுக்குச்சி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். 'ஹாட்' கோடுகளுக்கு நடுவே மட்டம் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். சிவப்பு, இளம்பழுப்பு என்றால் பரவாயில்லை. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. ரோஸ் மில்க்போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஆயில் குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து தீராது.

அடுத்து அந்த 2-3 உதறல். இந்தப் பெட்டியில் 3, 4 இரண்டு கியருக்கும் ஒரு கிளட்ச் பொது. அதனால் வண்டி சூடான பிறகு பைபாஸில் ஒரு மேம்பாலம் ஏறும்போது, 4-ஆம் கியரிலேயே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். வேகமும் முள்ளும் சேர்ந்து ஏறினால் அந்த கிளட்ச் இன்னும் பிடிக்கிறது. கோளாறு சீலிலோ, ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வான சொலினாய்டிலோ இருக்கலாம். கியர் இறங்காமலேயே முள் மட்டும் எகிறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அப்போது மெக்கானிக் சொல்வதுதான் சரி.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரைப் போடாமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பி0733, பி0734 என்று வந்தால் முறையே 3, 4-ஆம் கியர் விகிதம் சரியில்லை என்று பொருள். பி0717, பி0722 என்றால் வேக சென்சாரின் சிக்னல் வரவில்லை. வயரையும் கனெக்டரையும் பார்த்தாலே பலமுறை தீர்ந்துவிடும். சமீபத்தில் பேட்டரியைக் கழற்றினீர்களா? கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த அளவுகள் அழிந்து, சில நாள் உதறல் வரும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நைந்திருந்தாலும் கியர் விழும்போது 'டொக்' கேட்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஆயிலை மாற்றுங்கள். எஸ்பி-3 (SP-III) தரக் கியர் ஆயில்தான் வேண்டும்; சிவப்பாக இருக்கும் ஆயில் எல்லாம் ஒன்றல்ல. டார்க் கன்வெர்ட்டரில் ஒரு பங்கு தங்கிவிடுவதால் ஒரே தடவையில் முழுதும் வடியாது. வடித்து ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வதை, இத்தனை கிலோமீட்டர் ஓடிய பெட்டிக்கு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வ் பாடியை அடைத்துவிடும்.

இரண்டாவது தடவை மாற்றியும் காலைத் தாமதம் குறையவில்லை என்றால், பிரஷர் கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்கத் தெரிந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கடைக்குப் போங்கள். அளந்து, வந்த அழுத்த அளவைக் காட்டி, அதற்கப்புறம் இறக்கச் சொன்னால் சம்மதியுங்கள்.